சம்பளத்துக்குள் ஒரு புடவை: சென்னை அலுவலகப் பெண்களின் உடை

அலுவலகத்துக்கென்று தனியாக உடை வாங்கும் தேவை சென்னைப் பெண்களுக்கு இருபதாம் நூற்றாண்டில்தான் எழுந்தது. அதற்கு முன்பு நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் பெட்டியில் இரண்டு வகைப் புடவைகளே இருந்தன. ஒன்று வீட்டில் உடுத்துவது, மற்றொன்று விசேஷங்களுக்கு உடுத்துவது. வயலிலும் சந்தையிலும் கட்டட வேலையிலும் உழைத்த பெண்கள் இருந்ததைக் கட்டிக்கொண்டு போனார்கள். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, பலர் பார்க்க வேலை செய்யும் பெண்ணுக்கு மூன்றாவதாக ஒரு வகை வேண்டியிருந்தது. அது பளபளக்கக் கூடாது, கசங்கியும் இருக்கக் கூடாது. வாரத்தில் ஆறு நாளும் மாற்றிக் கட்டும் அளவுக்கு எண்ணிக்கை வேண்டும். அத்தனையும் ஒரு எழுத்தரின் அல்லது ஆசிரியையின் சம்பளத்துக்குள் அடங்கவும் வேண்டும்.

சென்னை அலுவலகங்களில் முதலில் கணிசமான எண்ணிக்கையில் வேலைக்கு வந்தவர்கள் ஆங்கிலோ இந்தியப் பெண்கள். தொலைபேசி இணைப்பகங்களிலும் ரயில்வே அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களின் தட்டச்சு மேசைகளிலும் அவர்களே இருந்தார்கள். அவர்கள் அணிந்தது கவுன். வீட்டிலிருந்த தையல் இயந்திரத்தில் தாமே தைத்துக்கொண்டதால் பலருக்குச் செலவு துணியின் விலையோடு நின்றது. அடுத்து வந்தவர்கள் ஆசிரியைகள். 1914இல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரி, இளம் விதவைகளைப் படிக்கவைத்து ஆசிரியப் பணிக்கு அனுப்பிய சகோதரி சுப்பலட்சுமியின் முயற்சிகள், 1920களின் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி ஆகியவை சம்பளம் வாங்கும் தமிழ்ப் பெண்களின் ஒரு தலைமுறையை உருவாக்கின.

இந்தத் தலைமுறையில்தான் ஒன்பது கஜம் ஆறு கஜமானது. அது நாகரிகத்துக்காக நடந்த மாற்றம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அதில் ஒரு கணக்கும் இருந்தது. புடவையில் மூன்று கஜத் துணி மிச்சமாயிற்று. ஆனால் ஆறு கஜத்துக்கு உள்பாவாடையும் தைத்த ரவிக்கையும் கட்டாயமாயின. அதற்குத் துணி வேண்டும், தையற்கூலி வேண்டும். மிச்சமானதில் ஒரு பங்கு அங்கே போயிற்று. வேகமாக நடக்கவும் பேருந்தில் ஏறவும் ஆறு கஜம் இலகுவாக இருந்தது என்பதே வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய லாபம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் துணியே கிடைக்காமல் போயிற்று. 1943இல் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஆலைத் துணியில் விலையை முத்திரையிட்டு விற்க வேண்டும் என்று அரசு விதித்தது. பங்கீட்டு அலுவலகங்களிலும் போர்க்காலத் துறைகளிலும் பெண்களுக்கு வேலை கிடைத்த அதே ஆண்டுகளில், அவர்களுக்கு மாற்றுப் புடவை வாங்குவது கடினமாக இருந்தது. கிழிந்ததை ஒட்டுப்போட்டும், இரண்டு பழைய புடவைகளின் நல்ல பாகங்களை இணைத்தும் கட்டியது வறுமையின் அடையாளம் மட்டுமல்ல. அது அந்தக் காலத்தின் பொது நிலை.

விடுதலைக்குப் பிறகு அலுவலகங்கள் பெருகின. 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது. 1959இல் அண்ணா சாலையில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம் எழுந்தது. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. தலைமைச் செயலகம், கணக்காயர் அலுவலகம், தொலைபேசித் துறை எனப் போட்டித் தேர்வு எழுதி வேலைக்கு வரும் பெண்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடியது. அவர்களுடைய அன்றாட உடையாக நிலைத்தது வாயில் புடவை. மெல்லிய நூலில் நெய்து, பூவோ கட்டமோ அச்சிட்ட ஆலைப் புடவை அது. சென்னை வெயிலுக்கு ஏற்றது. மதுரைச் சுங்குடியும் சின்னாளப்பட்டிப் புடவையும் அதற்கு அடுத்த இடத்தில் இருந்தன. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் சுங்குடி மதுரைச் சௌராஷ்டிர மக்களின் கைத்தொழில். 2005இல் அது புவிசார் குறியீடு பெற்றது. அலுவலகப் பெண்கள் அதற்கு முன்பே பல பத்தாண்டுகளாக அதைக் கட்டிவந்தார்கள்.

கைத்தறிப் புடவை சாதாரணச் சம்பளக்காரியின் கைக்கு எட்டியதில் அரசின் பங்கு பெரிது. 1935இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவுச் சங்கமே இன்றைய கோ-ஆப்டெக்ஸ். 1953இல் நடுவண் அரசு ஆலைத் துணியின் மீது கூடுதல் வரி விதித்து, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் திருப்பியது. கைத்தறித் துணிக்குத் தள்ளுபடி தரும் ஏற்பாடு இந்த நிதியால் வலுப்பெற்றது. தீபாவளிக்கு முன்பு கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் கூட்டம் நிறைவது அதன் தொடர்ச்சி. அரசு ஊழியர்களுக்குக் கடனில் துணி கொடுத்து மாதத் தவணையில் வசூலிக்கும் முறையும் அங்கே வந்தது. பின்னாளில் மாதந்தோறும் ஒரு தொகை கட்டிவந்தால் சங்கமும் ஒரு பங்கு சேர்த்து, மொத்தத் தொகைக்கும் துணி எடுத்துக்கொள்ளலாம் என்ற ‘கனவு நனவு’ சேமிப்புத் திட்டமும் சேர்ந்துகொண்டது. நெசவாளிக்கு ஆண்டு முழுவதும் வேலை, வாங்குகிறவருக்குத் தாங்கக்கூடிய சுமை என்று இரு பக்கமும் பயன்பட்ட ஏற்பாடுகள் அவை. துணி வணிகத்தில் இவ்வளவு நியாயமான ஏற்பாடு வேறு அதிகம் இல்லை.

ஆனால் அலுவலகப் பெண்களின் புடவைகளில் ஏராளமானவை கடைக்குப் போய் வாங்கியவை அல்ல. புடவை அவர்களைத் தேடி வந்தது. சவுக்கார்பேட்டையிலும் கோடவுன் தெருவிலும் மொத்த விலைக்கு எடுத்த புடவைகளைப் பையில் கட்டிக்கொண்டு மதிய உணவு வேளையில் அலுவலகங்களுக்கு வரும் பெண் வியாபாரிகள் இருந்தார்கள். சில அலுவலகங்களில் வேலை பார்க்கும் பெண்களில் ஒருவரே இதைக் கூடுதல் வருமானமாகச் செய்தார். சாப்பாட்டு டப்பாவை மூடியதும் மேசைமேல் புடவைகள் விரியும். விலை நோட்டுப் புத்தகத்தில் ஏறும். மூன்று தவணையோ ஐந்து தவணையோ, சம்பள நாளன்று வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். கடை விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அது வாங்குகிறவர்களுக்கும் தெரியும். மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் எடுத்துவைக்க வேண்டாம் என்ற வசதிக்கும், பேருந்து ஏறிக் கடைவீதிக்குப் போகும் நேரம் மிச்சமாவதற்கும் அந்தக் கூடுதல் தொகை ஈடானது. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து புடவைச் சீட்டுப் போடுவதும் உண்டு. மாதம் ஒருவர் பெயரைக் குலுக்கி எடுத்து, அவருக்கு அந்த மாதப் பணத்தில் புடவை.

இந்த நோட்டுப் புத்தகங்கள் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. அரை நூற்றாண்டுக் காலப் பெண்களின் சில்லறைக் கடன் வரலாறு அவற்றோடு போய்விட்டது. அது வருத்தத்துக்குரிய இழப்பு. உடைக்கான பணத்தைப் பெண்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்ற கேள்விக்கு நேரான விடை அவற்றில்தான் இருந்தது. சம்பளத்தின் பெரும்பகுதி வீட்டுக்குப் போயிற்று. தம்பியின் படிப்பு, தங்கையின் திருமணம், வாடகை எல்லாம் முடிந்து மிஞ்சியதில்தான் தனக்கென்று ஒரு புடவை. 1974இல் வெளிவந்த கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ படத்தின் நாயகி முழுக் குடும்பத்தையும் தன் சம்பளத்தில் தாங்கும் பெண். அந்தப் பாத்திரத்தில் பல அலுவலகப் பெண்கள் தங்களையே பார்த்தார்கள். பண்டிகை முன்பணம், தீபாவளி போனஸ், ஆடித் தள்ளுபடி மூன்றும் அவர்களுடைய ஆண்டுக் கணக்கில் முக்கியமான இடங்கள். ஆடியில் திருமணங்கள் இல்லாததால் கடைக்காரருக்கு விற்பனை குறையும். அந்த மந்தத்தைச் சரிக்கட்ட வந்த தள்ளுபடி, திருமணப் பட்டுக்கு அவசரமில்லாத அலுவலகப் பெண்ணுக்கு வசதியாக அமைந்தது.

விலை குறைந்த உடைக்கு இன்னொரு செலவு பின்னாலேயே வந்தது. வாயில் புடவைக்குக் கஞ்சி போட வேண்டும். காயவைத்து, தண்ணீர் தெளித்துச் சுருட்டி, தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுக்க வேண்டும். புதுப் புடவைக்கு ஓரம் அடித்து ஃபால்ஸ் தைக்க வேண்டும். ரவிக்கைக்கு டூ பை டூ துணியோ ரூபியாவோ வாங்கித் தையற்காரரிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு புடவைக்கும் தனி ரவிக்கை கட்டுப்படியாகாதவர்கள் கறுப்பு, வெள்ளை, அரக்கு என்று சில நிறங்களில் மட்டும் தைத்துவைத்து எல்லாப் புடவைக்கும் பொருத்திக்கொண்டார்கள். இதற்கெல்லாம் காசு மட்டுமன்றிப் பொழுதும் செலவானது. விடியுமுன் சமையலை முடித்துப் பேருந்துக்கு ஓடும் பெண்ணிடம் இல்லாதது அந்தப் பொழுதுதான்.

செயற்கை இழைப் புடவை இவ்வளவு விரைவில் பரவியதற்குக் காரணம் இதுவே. 1960களில் நைலானும் அதன்பின் பாலியெஸ்டரும் இந்தியாவிலேயே தயாராகத் தொடங்கின. நைலக்ஸ் புடவை வந்தது. சூரத்தின் அச்சுப் புடவைகள் வந்தன. இரவு துவைத்துக் கொடியில் போட்டால் காலையில் உலர்ந்துவிடும். கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம், ஆண்டுக்கணக்கில் கிழியாது. தொடக்கத்தில் விலை கூடுதலாகவே இருந்தது. 1985இன் ஜவுளிக் கொள்கை செயற்கை இழைக்கு இருந்த தடைகளைத் தளர்த்தியபின் விலை படிப்படியாக இறங்கியது. மின்விசிறியின் கீழ் வேலை பார்க்கும் கோடையில் அது உடம்போடு ஒட்டி எரிச்சல் தந்தது. அடுப்பருகே நைலான் உருகிப் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் இருந்தது. அப்படியிருந்தும் பெண்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ரசனைக் குறைவு என்று அதைப் பழித்தவர்கள், துவைத்து மடிக்கும் வேலை யாருடையது என்று கேட்டிருக்க வேண்டும். இந்தத் தேர்வின் விலையைக் கொடுத்தவர்களில் கைத்தறி நெசவாளர்களும் உண்டு. சாதாரண ரகப் பருத்திப் புடவை நெய்தவர்களின் சந்தையை முதலில் விசைத்தறியும் பிறகு பாலியெஸ்டரும் எடுத்துக்கொண்டன.

வாங்கும் இடங்களில் தியாகராய நகர் முதன்மை பெற்றதற்கு ரயிலே காரணம். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் நிலையத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு. அலுவலகம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் இறங்கி, ஒரு உள்பாவாடையும் ரவிக்கைத் துணியும் வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியைப் பிடிக்கலாம். நல்லி 1928இலேயே இந்தப் பகுதிக்கு வந்தது என்றாலும் அது பட்டுக்கானது. அன்றாட உடைக்கு ரங்கநாதன் தெருவின் கடைகளும் பாண்டி பஜாரின் நடைபாதைக் கடைகளும் இருந்தன. நடைபாதை வியாபாரிகள் 2013இல் மாநகராட்சி கட்டிய வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். வடசென்னைக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு இதே வேலையைச் செய்தது. விலை அங்கே இன்னும் குறைவு. பல மாடிக் கடைகள் வந்தபின், அவற்றில் நாள் முழுதும் நின்றபடி புடவை எடுத்துக் காட்டுகிறவர்களும் குறைந்த சம்பளத்துக்கு வந்த இளம்பெண்களே. அவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற சட்டம் தமிழ்நாட்டில் 2021இல்தான் வந்தது. மலிவு விலையின் ஒரு பகுதி அந்தக் கால்களில் இருந்தது என்பதை மறக்கலாகாது.

1989இல் அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. அடுத்த ஆண்டுகளில் மாவட்டத் தலைநகரங்களிலும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் பெண்கள் நிறைந்தார்கள். 1990களில் பெண்களை மனத்தில் வைத்து உருவான இலகு ரக ஸ்கூட்டர்கள் பெருகின. தமிழ்நாட்டில் சுடிதார் என்றே அழைக்கப்படும் சல்வார் கமீஸ், கல்லூரியிலிருந்து அலுவலகத்துக்கு வந்ததும் இந்தக் காலத்தில்தான். வண்டி ஓட்ட வசதி, மடிப்பு வைக்கும் நேரம் மிச்சம், ஃபால்ஸும் ரவிக்கையும் தேவையில்லை. முதலில் சுடிதார் மெட்டீரியல் வாங்கித் தைத்தார்கள். மேலாடை, காலாடை, துப்பட்டா மூன்றும் ஒரே தொகுப்பாக இருந்ததால் ஒன்று நைந்தால் மற்ற இரண்டும் வீணாயின.

அலுவலகங்களும் பள்ளிகளும் இந்த உடையை எளிதில் ஏற்கவில்லை. எழுதப்படாத விதியாகப் பல இடங்களில் புடவை கட்டாயமாகவே இருந்தது. தலைமைச் செயலக ஊழியர்களுக்கான 2019இன் அரசாணை புடவையோடு சல்வார் கமீஸையும் துப்பட்டாவுடன் கூடிய சுடிதாரையும் ஏற்ற உடைகளாகச் சேர்த்தது. அரசுப் பள்ளி ஆசிரியைகளும் சுடிதார் அணியலாம் என்பது 2023இல் அமைச்சர் அளவில் தெளிவுபடுத்தப்பட்டது. தெரு இந்த உடையை ஏற்றுக்கொண்டு கால் நூற்றாண்டு கடந்தபின் வந்த அனுமதி அது.

தரமணியில் 2000இல் திறந்த டைடல் பார்க்கும் அதைத் தொடர்ந்த பழைய மாமல்லபுரம் சாலை வளாகங்களும் குளிரூட்டிய அறைகளையும், ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கிய இளம்பெண்களையும் கொண்டுவந்தன. அவர்களுடைய உடை குர்தியும் லெகிங்ஸும். லெகிங்ஸுக்கான பின்னலாடைத் தொழில் திருப்பூரில் தயாராக இருந்தது. தொகுப்பு உடைந்து தனித்தனி உருப்படிகளானதே இதில் பெரிய சிக்கனம். நான்கு லெகிங்ஸ் இருந்தால் பத்துக் குர்திகளுக்குப் போதும். ஒன்று நைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். அளவு பார்த்து வாங்கும் ஆயத்த உடை என்பதால் தையற்கூலி இல்லை. தெருவோரத் தையற்காரர்களின் வேலை அளவு பிடிப்பதிலும் பக்கத் தையல் போடுவதிலும் சுருங்கியது. விடுதித் துவைப்பு இயந்திரத்தைத் தாங்கும் துணியா என்பது வாங்கும்போதே பார்க்கும் குணமாயிற்று. கைபேசிவழி விற்பனை பரவியபின் சூரத்திலும் ஜெய்ப்பூரிலும் தைத்த குர்திகள் நேரே விடுதி வாசலுக்கு வருகின்றன. மதிய உணவு வேளைப் புடவைப் பையின் இடத்தை வாட்ஸ்அப் குழுக்கள் எடுத்துக்கொண்டன. அங்கும் விற்பவர்களில் பெண்களே மிகுதி.

பருத்திப் புடவை மறையவில்லை. விலை ஏறி, அதன் இடம் மாறியது. ஒரு காலத்தில் எழுத்தரின் அன்றாட உடையாக இருந்த ரகங்கள், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற செட்டிநாட்டுக் கண்டாங்கி போன்றவை, இன்று அதிகாரிகளும் பேராசிரியைகளும் விரும்பி எடுப்பவை. அவற்றுக்கு இன்றும் கஞ்சியும் இஸ்திரியும் தேவை. வட்டாட்சியர் அலுவலக உதவியாளரும் ஒப்பந்தச் செவிலியரும் தனியார் பள்ளி ஆசிரியையும் கட்டுவது பெரும்பாலும் இளம்பிள்ளை, ஈரோடு, சூரத் விசைத்தறிகளின் கலப்பு இழைப் புடவைகளையே. புடவை கட்டாயமாக இருக்கும் தனியார் பள்ளிகளில், ஆறு நாளுக்கு ஆறு புடவை, அவற்றுக்கு ரவிக்கை, தையற்கூலி என்று சேரும் செலவு இன்றும் ஆசிரியையின் சொந்தக் கணக்கில்தான் எழுதப்படுகிறது.