படம் இருக்கிறது, குரல் எங்கே?

கல்யாண வீடியோவின் வரலாற்றைக் கேசட்டிலிருந்து தொடங்குவது வழக்கம். ஏற்காட்டை முன்வைத்துப் பார்த்தால், அதை இன்னும் எண்பது ஆண்டுகள் பின்னுக்குக் கொண்டுபோகலாம்.

சேர்வராயன் மலைக்குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசுபவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக்கதை. 1901இல் சென்னை மாகாண இனவரைவியல் ஆய்வின் பொறுப்பை ஏற்ற எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் இவர்களைப் பற்றியும் எழுதினார். பழங்குடிப் பாடல்களைப் பதிவுசெய்ய அந்த ஆய்வு ஃபோனோகிராஃபையும் பயன்படுத்தியது. ஆனால் அதன் கொம்புக்கு மிக அருகில் நின்று பாடினால்தான் மெழுகு உருளையில் தடம் விழும். ஓர் உருளை சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். பாட்டைப் பிடிக்கலாம், பந்தலின் ஆரவாரத்தோடு ஒரு முழுக் கல்யாணத்தைப் பிடிக்க முடியாது.

அடுத்த பாடம் மலையடிவாரத்தில் கிடைக்கிறது. டி. ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில் இயங்கியது. மலையாள மொழியின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938) அந்நிறுவனத்தின் தயாரிப்பே. பேசும்படத் தொழில் கண்டடைந்த வழி எளியது: படத்தை ஒரு கருவியிலும் ஒலியை மற்றொன்றிலும் பதிந்து, கிளாப் பலகையின் ஓசையைக்கொண்டு இரண்டையும் இணைப்பது. கேமரா விலகி நிற்கலாம். மைக் பேசுபவரின் அருகில் இருக்க வேண்டும்.

1980களில் வீடியோ கல்யாண வீடுகளுக்குள் வந்தபோது இந்தப் பாடம் மறந்துபோயிற்று. மைக் கேமராவிலேயே இருந்தது. கேமரா நின்ற தூரத்தில் ஒலிபெருக்கியும் ஜெனரேட்டருமே உரக்கக் கேட்டன. தொகுப்பவர் அந்த இரைச்சலை நீக்கிவிட்டுச் சினிமாப் பாட்டைச் சேர்த்தார். தாலி கட்டும் காட்சி உண்டு. நலுங்கில் பாடிய பாட்டியின் குரல் இல்லை. எழுதிவைக்கப்படாத பாட்டு என்றால், அவரோடு அதுவும் போயிற்று.

இன்று சட்டைப்பைக்குள் அடங்கும் ஒலிப்பதிவுக் கருவி போதும். பாடுபவரிடமிருந்து இரண்டடிக்குள், ஒலிபெருக்கிக்கு முதுகு காட்டி அதை வையுங்கள். மலைக்காற்று மைக்கில் மோதி இரையும்; பஞ்சுறை அவசியம். தொடக்கத்தில் கேமராவின் முன் ஒருமுறை கைதட்டினால், பின்னர் படத்தோடு பொருத்திக்கொள்ளலாம். பாடுபவரின் சம்மதம் பெற்று, பெயரையும் ஊரையும் அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதியுங்கள். அதன்பின் பாட்டை இடையில் வெட்டாமல் முழுதாக ஓடவிடுங்கள். தர்ஸ்டனின் மெழுகு உருளைக்கு இயலாமற்போனது அதுதான்.