அறுபதாவது கோல்

வரலாறு என்றதும் முடிமன்னரையும் போர்க்களங்களையும் எண்ணிப் பழகியவர்கள் நாம். ஆனால், ஒரு சமூகம் தன் எளிய மக்களை எவ்வாறு நடத்தியது என்பதை அறியவேண்டுமாயின், அம்மக்கள் கூடி மகிழ்ந்த இடங்களையும் எட்டிப் பார்த்தல் வேண்டும். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இங்கிலாந்திலே அத்தகைய இடம் உதைபந்தாட்ட மைதானம். வாரம் முழுவதும் துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்தவன் சனிக்கிழமை பிற்பகலில் அங்கே போய் நின்றான். அவன் கண்டு களித்த ஒரு வீரரின் கதையே இன்று நாம் பேசப்போவது.

வில்லியம் ரால்ப் டீன் என்பது அவரது பெயர். 'டிக்ஸி' டீன் என்றாற்றான் பலருக்கும் தெரியும். அப்பட்டப்பெயர் அவருக்குப் பிடித்ததில்லை. 'பில்' என்று அழைக்கப்படுவதையே அவர் விரும்பினார். கூட்டம் விடுவதாக இல்லை. தன் பெயரைக்கூடத் தான் தீர்மானிக்க முடியாமற் போனமை புகழுக்கு அவர் கொடுத்த முதல் விலை எனலாம்.

1907 ஜனவரி 22ஆம் திகதி, லிவர்பூல் நகருக்கு எதிரே, மேர்சி நதியின் மறுகரையிலுள்ள பேர்க்கன்ஹெட்டில் அவர் பிறந்தார். தந்தை புகையிரதத் தொழிலாளி. சொந்த ஊர்க் கழகமான ட்ரான்மியர் ரோவர்ஸிலே பதினாறு வயதிற் சேர்ந்த டீன், அக்கழகத்துக்காக 30 லீக் ஆட்டங்களில் 27 கோல்களைப் போட்டார். 1925 மார்ச்சில் நதிக்கு அக்கரையிலிருந்த எவர்ட்டன் கழகம் 3,000 பவுண் கொடுத்து அவரை வாங்கியது. அப்போது அவருக்கு வயது 18.

'வாங்கியது' என்ற சொல்லைச் சற்றே கவனியுங்கள். பணம் கைமாறியது இரு கழகங்களுக்கிடையே. ஆட்டக்காரர் பெறக்கூடிய அதிகூடிய சம்பளம் பருவகாலத்தில் வாரத்துக்கு 8 பவுண் என்று அந்நாளில் விதித்திருந்தார்கள். எத்தனை கோல் போட்டாலும் அதற்குமேல் ஒரு பென்னியும் சம்பளமாகக் கூடாது. வருடம் முழுவதும் 8 பவுண் வீதமே கிடைத்ததாகக் கொண்டாலும், அவரை வாங்கக் கொடுத்த தொகையை அவர் உழைத்துச் சேர்க்க 375 வாரங்கள், அதாவது ஏழாண்டுகளுக்கு மேல் வேண்டும்.

1926 ஜூன் மாதம் பேரிடியொன்று விழுந்தது. வட வேல்ஸிலே நிகழ்ந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் அவரது மண்டையோடும் தாடையெலும்பும் முறிந்தன. இனி அவர் விளையாடுவாரா என்று வைத்தியர்களே ஐயுற்றனர். தலையாற் பந்தை அடிப்பதிற் பெயர் பெற்றவருக்குத் தலையிலேயே காயம்! ஆயினும் அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் மைதானத்துக்குத் திரும்பிவிட்டார். அவர் தலைக்குள் உலோகத் தகடு இருக்கிறது, அதனாற்றான் பந்து அவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்றொரு கதை மக்களிடையே பரவியது. வீரரைச் சுற்றிக் கதை முளைப்பது எந்நாட்டிலும் வழமைதானே.

இனி 1927 - 28 பருவகாலத்துக்கு வருவோம். அதற்கு முந்திய பருவத்தில் மிடில்ஸ்பரோ கழகத்தின் ஜோர்ஜ் கம்செல், இரண்டாம் பிரிவில் 59 கோல்கள் போட்டு அரிய சாதனை படைத்திருந்தார். அதை எவரும் நெருங்கார் என்றே பலரும் எண்ணினர். டீனுக்கு எஞ்சியிருந்தவை இரண்டே ஆட்டங்கள். கம்செல்லை முந்த ஏழு கோல்கள் தேவை. பேர்ன்லி கழகத்துக்கு எதிராக நான்கு போட்டார். மீதி மூன்று.

1928 மே 5ஆம் திகதி. எவர்ட்டனின் குடிசன் பார்க் மைதானம். எதிரணி ஆர்சனல். எவர்ட்டன் ஏற்கெனவே சம்பியனாகிவிட்டது. ஆகவே ஆட்டத்தின் முடிவைப் பற்றி எவருக்கும் கவலையில்லை. கூடிய பல்லாயிரவருக்கும் ஒரு மனிதனைப் பற்றியே கவலை. முதற் பாதியிலேயே டீன் இரண்டு கோல்களைப் போட்டார். அவற்றுள் ஒன்று பெனால்டி. மொத்தம் 59. பின்னர் நேரம் ஊர்ந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் மூலையிலிருந்து அலெக் ட்ரூப் பந்தை உயர்த்தி அடித்தார். டீன் எழும்பினார், முறிந்து பொருந்திய அதே தலை பந்தைச் சந்தித்தது. அறுபது! ஆர்சனல் பின்னர் ஒரு கோல் போட்டு 3 - 3 எனச் சமப்படுத்தியது. அதைக் கவனித்தவர் சிலரே.

39 ஆட்டங்களில் 60 கோல்கள். எவர்ட்டன் அப்பருவத்தில் லீக்கிற் போட்ட 102 கோல்களுள் பாதிக்கு மேல் ஒருவருடையவை. டீனுக்கு வயது 21.

இச்சாதனையைக் குறைத்து மதிப்போரும் உளர். 1925இல் 'ஓஃப் சைட்' விதி மாற்றப்பட்டது. அதுவரை முன்வீரருக்கும் எதிரணியின் கோல் எல்லைக்கும் இடையில் எதிரணியினர் மூவர் இருக்கவேண்டும். புதிய விதியின்படி இருவர் போதும். இதன் விளைவாக முதற் பிரிவில் ஒரு பருவத்தில் 1,192 ஆக இருந்த கோல்களின் தொகை அடுத்த பருவத்தில் 1,703 ஆக உயர்ந்தது. தடுப்பாளர்கள் தடுமாறிய காலத்திலே டீன் அறுவடை செய்தார் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மையுண்டு, முழு உண்மை இல்லை. ஆர்சனலின் முகாமையாளர் ஹேபேட் சப்மன் முதலியோர் நடுநிலை வீரரைப் பின்னுக்கு இழுத்துக் காவலாக நிறுத்தும் முறையைக் கண்டபின்னரும், 1931 - 32 பருவத்தில் டீன் 45 கோல்கள் போட்டார். மேலும், புதிய விதி எல்லோருக்கும் பொதுவானது; முதற் பிரிவில் அறுபதைத் தொட்டவர் அவர் ஒருவரே. 2022 - 23இல் எர்லிங் ஹாலண்ட் 36 கோல்கள் போட்டதே பிரீமியர் லீக்கின் பெருஞ்சாதனையாகப் போற்றப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

1930இல் எவர்ட்டன் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோதும் டீன் கழகத்தைவிட்டுப் போகவில்லை. மறு ஆண்டே இரண்டாம் பிரிவில் முதலிடம், 1932இல் முதற் பிரிவில் முதலிடம், 1933இல் எப்.ஏ. கிண்ணம். வெம்பிளியில் நடந்த அந்த இறுதியாட்டத்திலேதான் எப்.ஏ. கிண்ண இறுதியில் முதன்முதலாக வீரரின் சட்டைகளில் இலக்கம் இடப்பட்டது. எவர்ட்டனுக்கு 1 முதல் 11 வரை. மன்செஸ்டர் சிற்றிக்கு 12 முதல் 22 வரை. டீன் அணிந்தது 9. அவ்வணியில் அந்த இலக்கம் பின்னர் வந்தோருக்கெல்லாம் பெரும் பாரமாயிற்று.

இங்கிலாந்துக்காக 16 ஆட்டங்களில் 18 கோல்கள்; எவர்ட்டனுக்காக 399 லீக் ஆட்டங்களில் 349 கோல்கள். ஆனால் உடல் என்பது கணக்குப் புத்தகம் அன்று. தடுப்பாளரின் உதைகளும் முட்டல்களும் அதிலேயே பதிந்தன. இளைஞர் தொமி லோட்டன் வந்து சேர்ந்தார். 1938 மார்ச்சில் டீன் நோட்ஸ் கவுண்டிக்குப் போனார். பின் சிறிது காலம் அயர்லாந்தின் ஸ்லைகோ ரோவர்ஸில் ஆடினார். அதன்பின் போர் வந்தது.

போருக்குப் பின் அவர் செஸ்டர் நகரிலே ஒரு மதுச்சாலையை நடத்தினார். பிறகு லிவர்பூலில் லிட்டில்வூட்ஸ் நிறுவனத்திற் சிற்றூழியராக வேலை பார்த்தார். அந்நிறுவனத்தின் பெருந்தொழில் என்ன தெரியுமா? உதைபந்தாட்ட முடிவுகளின்மீது மக்கள் பணம் கட்டும் பந்தயம்! கோல்களால் மைதானங்களை நிரப்பியவர், பிறர் போடும் கோல்களாற் செழித்த நிறுவனத்திற் கடைநிலை ஊழியர். அவர் வறுமையில் வாடினார் என்பது மிகையாகலாம். தன் உழைப்புக்கு ஏற்ற ஊதியம் பெறாமற் போனார் என்பது மிகையன்று. சம்பள உச்சவரம்பு 1961இலேதான் நீங்கியது. 1964இல் அவருக்காக நடத்திய நிதியுதவி ஆட்டத்துக்கு முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். கழகத்தைவிட்டு அவர் போய் 26 ஆண்டுகள் கழிந்திருந்தன. கொடுத்தவர்கள் மறக்கவில்லை, கொடுக்கவேண்டியிருந்தவர்களே தாமதித்தனர்.

1976இல் அவரது வலது கால் துண்டிக்கப்பட்டது. 1980 மார்ச் முதலாம் திகதி, எவர்ட்டனும் லிவர்பூலும் மோதிய ஆட்டத்தைப் பார்க்கக் குடிசன் பார்க்குக்கு வந்திருந்தார். அங்கேயே மாரடைப்பால் உயிர் பிரிந்தது. வயது 73. அறுபதாவது கோல் விழுந்த அதே மைதானம்.

2001இல் அம்மைதானத்தின் வெளியே அவருக்குச் சிலை எழுப்பினார்கள். களத்தில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டிய மரபு நமக்குப் புதிதன்று. நடுகல் நாட்டுவது நன்று. ஆனால், கல்லுக்குச் செய்யும் சிறப்பிற் சிறு பங்கையேனும் அவன் உயிரோடிருக்கையிற் செய்திருந்தோமா என்று ஒரு சமூகம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளல் வேண்டும். டிக்ஸி டீனின் வரலாறு நமக்கு விட்டுச்செல்லும் வினா அதுவே.