முற்றத்திற்கு வந்த பள்ளி

'அங்கன்வாடி' என்னும் சொல் இன்று பாரத நாடெங்கும் வழங்குகின்றது. தமிழகத்துச் சிற்றூர்களிலும் அதனைக் கேட்கின்றோம். மும்பையிலும் சூரத்திலும் தில்லியிலும் வாழும் நாமும் நாள்தோறும் கேட்கின்றோம். 'ஆங்கன்' என்றால் வீட்டு முற்றம். முற்றம் எவ்வாறு பள்ளியாயிற்று என்பதை அறிந்துகொள்வது நமக்குப் பயன்தரும்.

வரலாறு குஜராத்தின் பாவநகரில் தொடங்குகின்றது. வழக்கறிஞராக விளங்கிய கிஜுபாய் பதேகா, தம் மகனின் கல்வியைப் பற்றிச் சிந்திக்கப் புகுந்து, மாண்டிசோரி அம்மையாரின் நூல்களைக் கற்றார். தம் தொழிலைத் துறந்து ஆசிரியரானார். 1920-ஆம் ஆண்டில் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் 'பால மந்திர்' என்னும் குழந்தைப் பள்ளியைத் தோற்றுவித்தார். பிரம்படி அங்கு இல்லை, அச்சமும் இல்லை. கதையும் பாட்டும் ஆட்டமுமே பாடங்களாயின. ராஜ்கோட்டில் பெண்கள் கல்லூரி முதல்வராக இருந்த தாராபாய் மோடக் அம்மையார் அப்பதவியை விடுத்து இவருடன் இணைந்தார். இவ்விருவர் முயற்சியால் 1926-இல் 'நூதன் பால சிக்ஷண சங்கம்' என்னும் பொதுநலச் சங்கம் உருவாயிற்று.

ஆயினும் ஒரு குறை எஞ்சி நின்றது. விலையுயர்ந்த கருவிகளைக் கொண்டு நடந்த இவ்வகைப் பள்ளிகள் பெரும்பாலும் நகரத்து வசதி படைத்தோர் இல்லப் பிள்ளைகளுக்கே கிட்டின. கிஜுபாய் 1939-இல் மறைந்தார். தாராபாய் அம்மையார் 1945-இல் மராட்டியக் கடற்கரைச் சிற்றூராகிய போர்டியில் பணியைத் தொடங்கினார். இளமையிலேயே கணவரை இழந்து ஆசிரியப் பணி ஏற்றிருந்த அனுதாய் வாக் அம்மையார் அவருக்குத் துணையானார்.

பள்ளி திறந்தது, ஆனால் ஏழைக் குடியிருப்புகளின் பிள்ளைகள் வந்தாரில்லை. தாயர் கூலி வேலைக்குச் சென்றுவிடுவர். சிறுமியர் தம்பி தங்கையரை இடுப்பில் சுமந்து நிற்பர். எவ்வாறு வருவர்? பிள்ளைகள் பள்ளிக்கு வர இயலாவிடின், பள்ளி பிள்ளைகளிடம் செல்வதே முறையெனத் துணிந்தனர் அவ்விரு அம்மையாரும். குடியிருப்பின் முற்றத்திலேயே குழந்தைகளைக் கூட்டினர், குளிப்பாட்டித் தலைவாரினர், பின்னரே பாட்டும் கதையும் தொடங்கின. வாங்க இயலாத கருவிகளுக்கு ஈடாகச் சிப்பியும் கூழாங்கல்லும் விதையும் இலையும் பயன்பட்டன. ஓரிடத்தில் ஒழுங்கான நேரத்தில் நடப்பதை மையப் பாலவாடி என்றும், முற்றத்தில் அம்மக்களுக்கு ஏற்ற நேரத்தில் நடப்பதை அங்கன்வாடி என்றும் தாராபாய் அம்மையார் வகுத்தார்.

1957-இல் பணி, வார்லிப் பழங்குடியினர் வாழும் கோஸ்பாட் குன்றிற்குப் பெயர்ந்தது. அங்குக் குழந்தைக் காப்பகமும் பாலவாடியும் தொடக்கப் பள்ளியும் ஒரே வளாகத்தில் 'விகாஸ்வாடி' என இயங்கின. காரணம் எளிது: தம்பிக்குக் காப்பகம் கிடைத்தாலன்றி அக்காளுக்கு வகுப்பறை கிடையாது. மாடு மேய்க்கும் சிறுவர்க்கென மேய்ச்சல் நிலத்திலேயே 'குரண்சாலை' என்னும் பள்ளி நடந்தது.

1975 அக்டோபர் 2-ஆம் நாள் நடுவண் அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, அதன் நிலையங்கள் அங்கன்வாடி என்றே பெயர் பெற்றன. 1973-இல் மறைந்த தாராபாய் அம்மையார் அதனைக் கண்டாரில்லை. அனுதாய் அம்மையார் 1992-இல் மறையும் வரை கோஸ்பாடுடன் பிணைந்தே வாழ்ந்தார்.

மும்பையிலிருந்து சூரத் செல்லும் இரயிலில் டஹாணு ரோடு நிலையத்தைக் கடக்கும் தமிழன்பர்கள், அக்குன்று அருகிலேயே உள்ளதென நினைவுகூரலாம். நினைவோடு நில்லாது செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. நம் ஊர்களிலிருந்து புதிதாகக் கூலி வேலைக்கு வரும் குடும்பங்கள், அண்டையில் அங்கன்வாடி இருப்பதை அறியாதிருக்கக்கூடும். அறிந்தாலும், மொழி தெரியாத குழந்தையை அனுப்பத் தயங்கக்கூடும். அவ்வூரில் நெடுநாள் வாழ்ந்து மொழி பழகிய நம்மவர் ஒருவர் குழந்தையை உடனழைத்துச் சென்று, முதற் சில நாட்கள் அருகிருந்து இரு மொழிக்கும் பாலமாவாரெனில், அக்குழந்தைக்கும் பள்ளி முற்றத்திற்கு வந்ததாகும்.