மெலிந்த குண்டின் வெற்றி

1860 ஆம் ஆண்டு ஜூலை 2 ஆம் நாள். லண்டனுக்கு அருகே விம்பிள்டன் திடலில் குறி சுடும் போட்டியை விக்டோரியா அரசி தொடங்கி வைத்தார். இரும்புத் தாங்கியில் ஒரு ரைபிள் அசையாதபடி பொருத்தப்பட்டிருந்தது. அதன் விசையில் கட்டியிருந்த பட்டுக் கயிற்றை அரசி இலேசாக இழுத்தார். 400 கெஜத்துக்கு (ஏறத்தாழ 366 மீட்டர்) அப்பால் இருந்த இலக்கின் நடுப்புள்ளியிலிருந்து ஒன்றே கால் அங்குலம் தள்ளிக் குண்டு பதிந்தது.

அரசி குறி பார்க்கவில்லை என்பது உண்மைதான். பெருமை அந்த ரைபிளைச் செய்த ஜோசப் விட்வொர்த்தைச் சேரும். பட்டறையில் பழகியவர்களுக்கு ‘விட்வொர்த் மரை’ தெரிந்திருக்கும். அதே விட்வொர்த்தான் இவர்.

1854 இல் பிரிட்டிஷ் அரசு இவரிடம் கேட்டது துப்பாக்கி செய்யும் எந்திரங்களைத்தான். எது நல்ல துப்பாக்கி என்று சோதனையால் அறியாமல் எந்திரம் செய்ய இவர் உடன்படவில்லை. மான்செஸ்டரை அடுத்த ரஷோமில் இவருக்காக 500 கெஜ நீளமுள்ள மூடிய கூடம் ஒன்று எழுந்தது. புயல் அதை வீழ்த்தியது. மீண்டும் கட்டி, 1855 இல் சோதனையைத் தொடங்கினார்.

அப்போது படையினர் கையில் இருந்தது என்ஃபீல்டு ரைபிள். குழல் விட்டம் 0.577 அங்குலம், குண்டின் எடை 530 கிரெய்ன், அதாவது சுமார் 34 கிராம். விட்வொர்த் குண்டின் எடையைக் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. குழலை மட்டும் 0.451 அங்குலமாகக் குறுக்கினார். அதே அளவு ஈயம் ஒல்லியாக நீண்டது.

இதனால் என்ன பயன்? நீங்களே கணக்கிடலாம். முகப்பரப்பு விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 0.451 ஐ 0.577 ஆல் வகுத்து இருமடி ஆக்கினால் 0.61 கிடைக்கும். காற்று மோதும் முகம் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கியது. தடையை எதிர்த்துச் செல்லும் நிறையோ குறையவில்லை.

ஆனால் நீண்ட குண்டுக்கு ஒரு குறை உண்டு. காற்றுத் தடை அதன் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் செயல்பட்டு, மூக்கைத் தூக்கிக் குண்டைக் கவிழ்க்கப் பார்க்கும். பம்பரம் விழாமல் நிற்பது எதனால்? சுழற்சியால் அல்லவா? குண்டுக்கும் அதுவே மருந்து. என்ஃபீல்டு குழலின் புரி 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. விட்வொர்த் குழலிலோ 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நொடிக்கு 380 மீட்டர் வேகம் என்று கொண்டால் முன்னது நொடிக்குச் சுமார் 190 முறையும் பின்னது 750 முறையும் சுழலும். தம் குழலின் அறுகோண வடிவத்தை விட்வொர்த் பெரிதாக நினைத்தார். என் கருத்தில் அது முக்கியமன்று; சாதாரணப் புரியிட்ட குழல்களும் பின்னாளில் அதே பலனைத் தந்தன.

1857 இல் ஹைத் என்னும் ஊரில் இரு ரைபிள்களும் மோதின. 500 கெஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.24 அடி, விட்வொர்த்துடையது 0.37 அடி. 1400 கெஜத்தில் என்ஃபீல்டு இலக்கைத் தொடவே இல்லை. ஆயினும் படைத்துறை புதியதை ஏற்கவில்லை. குழல் குறுகல், கரி படியும், விலை அதிகம் என்றனர். (அதே 1857 இல்தான் என்ஃபீல்டின் கொழுப்புத் தடவிய தோட்டா நம் நாட்டில் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது.) 1871 இல் படைக்கு வந்த மார்ட்டினி–ஹென்றி ரைபிளின் குழல் விட்டம் எவ்வளவு தெரியுமா? 0.45 அங்குலம்!

இலக்கு சுடுவோர் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 1874 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கை அடுத்த கிரீட்மூர் திடலில் அயர்லாந்தும் அமெரிக்காவும் 800, 900, 1000 கெஜத் தொலைவுகளில் மோதின. இரு அணிகளும் கொண்டு வந்தவை இத்தகைய ஒல்லிக் குண்டுகளே. அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அயர்லாந்து வீரர் ஒருவர் அடுத்தவர் இலக்கின் நடுப்புள்ளியில் சுட்டுவிட்டார். அந்த நான்கு புள்ளிகள் கணக்கில் வந்திருந்தால் முடிவு மாறியிருக்கும்.

இவ்வளவு தொலைவில் பெரும் பகை பக்கக் காற்றுதான். குண்டு பறக்கும் நேரம் முழுவதையும் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும் என்று மாணவர் பலர் நினைப்பர். அது தவறு. வெற்றிடத்தில் எடுத்திருக்கும் நேரத்தைவிட எவ்வளவு தாமதமானதோ, அந்தத் தாமதத்தை மட்டுமே பெருக்க வேண்டும். தாமதம் 0.4 நொடி, காற்று நொடிக்கு 5 மீட்டர் என்றால் விலகல் 2 மீட்டர். தடை குறைந்தால் தாமதம் குறையும்; விலகலும் குறையும்.

அந்தத் திடலின் பெயரைத் தாங்கி 2007 இல் ‘6.5 கிரீட்மூர்’ என்ற தோட்டா வந்தது. அதன் குண்டு 6.71 மி.மீ. விட்டமும், வழக்கமாக 9.1 கிராம் எடையும் கொண்டது. பழைய ‘.308 வின்செஸ்டர்’ தோட்டாவின் போட்டிக் குண்டு 7.82 மி.மீ., 10.9 கிராம். கிராமை மி.மீட்டரின் இருமடியால் வகுத்துப் பாருங்கள்: முதலாவதற்கு 0.202, இரண்டாவதற்கு 0.178. மூக்கின் கூர்மையும் பின்புறச் சரிவும் இத்துடன் சேரும் என்றாலும், எடை குறைந்த குண்டு இங்கே முந்திவிட்டது. சுடுபவர் தோளில் விழும் உதையும் குறைவு.