‘டூம்ஸ்க்ரோலிங்’: இச்சொல் யாரைக் குற்றம் சொல்கிறது?

துயரச் செய்திகளை நிறுத்த மாட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் படித்துக்கொண்டேயிருப்பதற்கு ஆங்கிலத்தில் ‘டூம்ஸ்க்ரோலிங்’ என்று பெயர். 2018ஆம் ஆண்டின் ட்விட்டர் பதிவுகளிலேயே இச்சொல் தென்படுகிறது. 2020இல் கேரன் ஹோ என்னும் பத்திரிகையாளர், படித்தது போதும், உறங்கச் செல்லுங்கள் என்ற பொருள்பட இட்டுவந்த நினைவூட்டல்கள் அதைப் பரவலாக்கின. அவ்வாண்டே ஆஸ்திரேலியாவின் மக்குவாரி அகராதிக் குழு அதை ஆண்டின் சொற்களுள் ஒன்றாகத் தேர்ந்தது. தமிழில் இதை எப்படிச் சொல்வது என்று மாணவர்கள் சிலர் கேட்டதையொட்டியே இப்பதிவு.

‘டூம்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் அழிவு என்று பொருளில்லை. தீர்ப்பு, சட்டம் என்பனவே பொருள். 1086ஆம் ஆண்டின் நிலக்கணக்குப் பதிவேடு ‘டூம்ஸ்டே புக்’ எனப் பெயர்பெற்றதும் அப்பொருளில்தான். இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றிய அச்சம் ஏற ஏற, சொல் அழிவின் பக்கம் சாய்ந்தது. நம் ‘ஊழ்’ இதற்கு நெருங்கிய உறவு. முறைமை, நியதி என்ற பொருள்களோடு அதுவும் விதியைக் குறித்தது. ஆனால் ஆகூழ், போகூழ் என்று இரு பக்கமும் அதற்கு இடமிருந்தது. ‘டூம்’ அந்த நற்பக்கத்தை இழந்துவிட்ட சொல்.

‘ஸ்க்ரோல்’ சுருளேடு. சுருளுக்கு முடிவு உண்டு. திரைக்கு முடிவில்லாமல் போனது 2006இல், ஏசா ராஸ்கின் வடிவமைத்த முடிவிலா உருட்டலால். பின்னாளில் அவரே அதற்காக வருந்திப் பேசினார். தில்லியிலிருந்து ஒலிபரப்பான ஆகாசவாணித் தமிழ்ச் செய்தியறிக்கையைச் சரோஜ் நாராயணசுவாமியின் குரலில் கேட்ட தலைமுறைக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். எவ்வளவு கொடிய நாளாயினும் அறிக்கை குறித்த நேரத்தில் முடிந்தது. அடுத்த அறிக்கை வரும்வரை கேட்பவர் வேறு வேலை பார்த்தாக வேண்டும்.

இவ்வளவும் சொல்லின் வரலாறு. செயலின் வரலாறு இதைவிட நீண்டது. அதைப் பார்த்தால் ‘டூம்ஸ்க்ரோலிங்’ என்ற சொல்லிலேயே ஒரு சாய்வு இருப்பது தெரியும். படிப்பவருடைய மனப்பலவீனமே நோய் என்று அது முடிவுகட்டிவிடுகிறது.

1914 செப்டம்பர் 22 இரவு ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டது. தாக்குதல் அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. மக்கள் நகரைவிட்டு ஓடியதோ அதற்குப் பின்னும் தொடர்ந்தது. கப்பல் மீண்டும் வருமா என்பதை உறுதியாகச் சொல்வார் எவருமில்லாத நிலையில், கிடைத்த செய்தியையெல்லாம் பற்றிக்கொள்வதைப் பித்து என்று சொல்லிவிட முடியாது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே அக்கப்பலின் கதை முடிந்தது. சொல் முடியவில்லை: ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோம். அச்சம் ஊட்டிய செய்தி, நூறாண்டு கடந்து, சாமர்த்தியக்காரனுக்கான பட்டப்பெயராக எஞ்சியிருக்கிறது.

2009இன் முதல் மாதங்களில் இலண்டனிலும் டொரண்டோவிலும் இருந்த ஈழத்தமிழர்கள் செய்தித்தளங்களை மீண்டும் மீண்டும் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்ததை எந்தச் சொல்லால் குறிப்பது? 2008 செப்டம்பரிலேயே ஐ.நா. அமைப்புகள் வன்னியிலிருந்து வெளியேறும்படி கூறப்பட்டுவிட்டன. சுதந்திரமான செய்தியாளர்களுக்கும் அங்கே இடமில்லை. உறவினர் உயிரோடிருக்கின்றனரா என்று அறிய வேறு வழி இல்லாதவர்களின் வாசிப்பு அது.

இனித் தில்லி. 2021 ஏப்ரல் 19 இரவு ஊரடங்கு தொடங்கியது. மறுநாள் அறிவிக்கப்பட்ட புதிய தொற்றுகள் மட்டும் 28,395. ஏப்ரல் 23 இரவு, ஆக்சிஜன் தட்டுப்பாட்டிடையே, ரோகிணிப் பகுதியின் ஜெய்ப்பூர் கோல்டன் மருத்துவமனையில் இருபது நோயாளிகள் இறந்ததாக அம்மருத்துவமனை தெரிவித்தது. அந்நாள்களில் இந்நகரத்தவர் விடியும்வரை திரையை உருட்டினர். வெளியிலிருந்து பார்த்தால் அது டூம்ஸ்க்ரோலிங்கேதான். அந்தப் பதிவுகளின் மொழியைக் கவனித்தால் வேறொன்று புலப்படும். ‘எஸ்ஓஎஸ்’, ‘லீட்’, ‘வெரிஃபைட்’ என்ற மூன்று சொற்கள் ஒரு தனி இலக்கணத்தையே உருவாக்கியிருந்தன. ‘லீட்’ என்றால் படுக்கையோ சிலிண்டரோ கிடைக்கக்கூடிய இடத்தின் எண். ‘வெரிஃபைட்’ என்பதோடு சரிபார்த்த நேரமும் சேர்ந்து வந்தால்தான் மதிப்பு. மாலை நான்கு மணிக்கு மெய்யாயிருந்தது ஐந்து மணிக்குப் பொய்யாகிவிடும். சாவுச் செய்திகளின் இடையிடையேதான் இந்த எண்களும் வந்தன. ஒன்றைத் தவிர்த்து மற்றொன்றைப் படிக்க வழியில்லை.

இதில் அரசும் நீதிமன்றமும் தலையிட்டன. பெருந்தொற்றுக் காலச் செயல்பாட்டை விமர்சித்த சில பதிவுகளை நீக்குமாறு ஏப்ரலில் மத்திய அரசு ட்விட்டருக்கு உத்தரவிட்டது. ஏப்ரல் 30 அன்று நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, இணையத்தில் உதவி கேட்பவர்களையும் குறை சொல்பவர்களையும் ஒடுக்கினால் அது நீதிமன்ற அவமதிப்பாகக் கருதப்படும் என்று எச்சரித்தது. திரையை மூடிவிட்டு உறங்குங்கள் என்ற அறிவுரை அந்த வாரத்தில் இந்நகரில் எப்படி ஒலித்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

எனவே மொழிபெயர்ப்புக்கு ஒரே சொல் போதாது என்பது என் கருத்து. பழக்கத்தின் பிடியில் நிகழும் வாசிப்புக்கு நம் வீடுகளில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: ‘நோண்டுதல்’. ‘எந்நேரமும் போனை நோண்டிக்கொண்டிருக்கிறான்’ என்று திட்டும் தாய்மார்கள், புண்ணை நோண்டுவதற்கும் அதே வினையைத்தான் ஆள்கின்றனர். எந்தக் கலைச்சொல்லாக்கக் குழுவும் இவ்வளவு பொருத்தமாகச் செய்திருக்காது. இணையத்தில் ‘மேய்தல்’ இங்கே உதவாது. வயிறு நிறைந்தால் மேய்ச்சல் நின்றுவிடும். 2009இலும் 2021இலும் நிகழ்ந்ததற்குத் ‘தேடுதல்’ என்ற பழைய சொல்லே போதும். புறநானூற்றின் 34ஆம் பாடலில் ‘செய்தி’ என்பது பிறர் செய்த நன்றியைக் குறிக்கிறது. செயலும் தகவலும் ஒரு சொல்லில் உறைவது தமிழுக்குப் புதிதன்று.

ஒரு வேண்டுகோள். 2021இல் தில்லித் தமிழர் குழுக்களில் சுற்றிய உதவிச் செய்திகளில் பல அழிக்கப்பட்டுவிட்டன. எவரேனும் சேமித்து வைத்திருந்தால், பெயர்களையும் எண்களையும் நீக்கிவிட்டு எனக்கு அனுப்புங்கள். ‘லீட்’ என்பதைத் தமிழில் எழுத நேர்ந்தபோது அவர்கள் என்ன எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும்.