நிலக்கரி வந்த வழி

கரண்ட் போனால் நாம் திட்டுவது மின்வாரியத்தைத்தான். எழுபது, எண்பதுகளின் மின்வெட்டைப் பார்த்த நம் வயதுக்காரர்கள் அப்படித்தான் பழகியிருக்கிறோம். ஆனால் அந்த நாட்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, வாரியம் ஒரு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டுமே என்பது எனக்குப் புரிந்தது.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். 210 மெகாவாட் திறனுள்ள அதன் முதல் அலகு 1979-ல் ஓடத் தொடங்கியது. அதற்கான நிலக்கரி பக்கத்தில் கிடைப்பதில்லை. மேற்கு வங்கத்திலோ ஒடிசாவிலோ வெட்டி, ரயிலில் ஹால்தியா அல்லது பாரதீப் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கப்பலில் ஏற்ற வேண்டும். சுரங்கம் ஒரு அமைச்சகம், வேகன் இன்னொன்று, துறைமுகம் மற்றொன்று. எரிப்பதோ மாநில வாரியம். மின்சாரம் பொதுப்பட்டியலில் இருப்பதால் மத்திய அரசு, மாநில அரசு இரண்டுக்குமே அதில் பங்கு உண்டு. இதில் ஒரு இடத்தில் தாமதமானாலும் இங்கே விசிறி நின்றுவிடும்.

டெல்லிக்கு இது தெரியாமல் இல்லை. 1970-ல் பொருளாதார அறிஞர் சுகமய் சக்கரவர்த்தி தலைமையில் எரிபொருள் கொள்கைக் குழு அமைத்தார்கள். குழு வேலை செய்துகொண்டிருக்கும்போதே 1973 அக்டோபரில் மேற்காசியப் போர் வந்தது. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களில் 11 டாலரைத் தாண்டியது. எண்ணெயைக் குறைத்து நிலக்கரியை முதன்மையாக வைப்போம் என்றது 1974-ல் வந்த அறிக்கை. சரியான யோசனைதான். ஆனால் அந்த ஒரு வரியின் பாரம் ரயில்வேயின் தலையில் விழுந்தது. அதே ரயில்வே அப்போது நீராவி எஞ்சின்களை விட்டு டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தது!

1974-லேயே மின்சாரத்தையும் நிலக்கரியையும் எரிசக்தி அமைச்சகம் என்று ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். 1992-ல் மறுபடி பிரித்து, மரபுசாரா எரிசக்திக்கும் தனி அமைச்சகம் தந்தார்கள். அணுசக்தி தனியாகவே இருந்தது. 2006-ல் கிரித் பாரிக் குழு ஒருங்கிணைந்த எரிசக்திக் கொள்கையை எழுதியது. அமைச்சரவை அதை ஏற்கவே 2008 டிசம்பர் ஆகிவிட்டது. 2014-ல் மின்சாரம், நிலக்கரி, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி மூன்றும் பியூஷ் கோயல் என்ற ஒரே அமைச்சரிடம் வந்தன. அப்போதும் ரயில்வே வெளியேதான்.

இத்தனைக்கும் பிறகு 2022 கோடையில் நடந்தது நினைவிருக்கும். அனல்மின் நிலையங்களில் கையிருப்பு கரைந்துபோக, நிலக்கரி ரயில்களுக்கு வழிவிடப் பயணிகள் ரயில்கள் நூற்றுக்கணக்கில் ரத்தாயின.

என் எண்ணம் இதுதான். அமைச்சகங்களை ஒட்டுவதும் பிரிப்பதும் பெயர்ப்பலகை வேலை. எந்தச் சுரங்கத்தின் கரி எந்த நிலையத்துக்கு, எத்தனை வேகனில் என்று நிலக்கரி, ரயில்வே, மின்சாரம் மூன்று தரப்பு அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யும் குழுக்களும் பல ஆண்டுகளாக இருக்கின்றன. செய்தித்தாளில் அவற்றின் பெயர் வருவது அபூர்வம். ஆனால் பெரிய அறிக்கைகளைவிட, நம் வீட்டு விளக்கு அந்த மேசையைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது.