மாதேஸ்வரன் மலைப் பாதையும் இணையத்தின் நெரிசலும்

சேலம், ஈரோடு பக்கத்து ஆட்களுக்கு மாதேஸ்வரன் மலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூரிலிருந்து கொளத்தூர், பாலாறு தாண்டி ஏறினால் கர்நாடகம். 1997 வரை மைசூர் மாவட்டம், இப்போது சாமராஜநகர். தீபாவளி, சிவராத்திரிக் கூட்டத்தில், கொண்டை ஊசி வளைவில் ஒரு பஸ் நின்றால் என்னாகும்? பின்னால் வருபவர்கள் முண்டியடிக்க முண்டியடிக்க, யாருமே நகர முடியாது.

இணையத்துக்கும் ஒருமுறை இதே கதிதான்!

1986 அக்டோபர். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே 400 கஜம்தான் தூரம். அந்த இணைப்பில் விநாடிக்கு 32,000 பிட் என்றிருந்த வேகம் வெறும் 40 பிட்டாக விழுந்தது. கம்பி அறுபடவில்லை. வரிசையில் தாமதமான பொட்டலங்களைத் தொலைந்ததாக நினைத்து, கணினிகள் மறுபடி மறுபடி அனுப்பின. நகல்களாலேயே வழி அடைத்துக்கொண்டது.

வான் ஜேக்கப்சனும் மைக் கரல்ஸும் புதுக் கம்பி இழுக்கவில்லை. பி.எஸ்.டி. யூனிக்ஸில் அனுப்பும் முறையைத் திருத்தினார்கள். மெதுவாகத் தொடங்கு, போய்ச் சேர்ந்த தகவல் வர வர வேகம் கூட்டு, ஒன்று தொலைந்தால் உடனே குறைத்துக்கொள். 1988-இல் 'டாஹோ' பதிப்பில் இது வெளியானது. ஒவ்வொருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததில் எல்லோருக்கும் வழி கிடைத்தது.

1997-இல் இத்தாலியின் லூயிஜி ரிஸ்ஸோ, ஃப்ரீபி.எஸ்.டி.க்கு 'டம்மிநெட்' எழுதினார். சோதனைக்காகச் செய்தது. சர்வர் நிர்வாகிகளோ "இந்த ஆளுக்கு இவ்வளவுதான்" என்று அளவு வைக்கப் பயன்படுத்தினார்கள். பாங்க் கவுன்டரில் டோக்கன் கொடுப்பது போலத்தான்.

நான் காமர்ஸ் படித்தவன். இதெல்லாம் எனக்கு எதற்கு என்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருக்கும் அம்மாவோடு வீடியோவில் பேசும்போது படம் உறைந்து போகிறதே, அதற்குத்தான். பக்கத்து அறையில் பிள்ளை பெரிய கோப்பு ஏற்றிக்கொண்டிருப்பான். ரௌட்டரின் வரிசையில் அது குவிய, பாட்டியின் குரல் பின்னால் காத்துக் கிடக்கும்.

லினக்ஸோ மேக்கோ இருந்தால், ஏற்றுவதற்கு முன்னும் ஏற்றும்போதும் 'பிங்' போட்டுப் பாருங்கள். சில பத்து மில்லி விநாடி பல நூறாக ஏறினால் வரிசைதான் குற்றவாளி. அதிக விலைத் திட்டத்துக்கு மாறுமுன், ரௌட்டரில் ஏற்றும் வேகத்தை இணைப்பின் வேகத்துக்குச் சற்றுக் கீழே கட்டுங்கள். கேத்லீன் நிக்கோல்ஸும் அதே ஜேக்கப்சனும் 2012-இல் தந்த 'கோடெல்' முறை உங்கள் ரௌட்டரில் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

பிள்ளையின் கோப்பு நாலு நிமிஷம் தாமதமாகப் போகட்டும். பாட்டி பேசி முடிக்கட்டும்.